மின்சுற்றுப் பாடத்தை முதல் வாரத்திலிருந்து படிக்கும் முறை: முதலாண்டு மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதலாண்டில் மின்சுற்றுப் பாடத்தின் முதல் வகுப்புத் தேர்வில் நான் எடுத்த மதிப்பெண் 50க்கு 11. அந்த விடைத்தாளை இன்னும் வைத்திருக்கிறேன். சமன்பாடுகள் ஏறக்குறைய எல்லாம் எழுதியிருந்தேன். ஆனால் ஒரு கணக்கில், ஒரே ஒரு 12 வோல்ட் மின்கலமும் நான்கு மின்தடைகளும் மட்டும் இருந்த சுற்றில், ஒரு மின்தடைக்குக் குறுக்கே 31 வோல்ட் என்று விடை எழுதி, அதன் அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தேன். மின்கலம் தருவதே 12 வோல்ட் என்றால், 31 வோல்ட் எங்கிருந்து வரும்? அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. கணக்கு முடிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

இப்போது அதே பாடத்தை முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட நான் விழுந்த அதே இடத்தில் விழுவதைப் பார்க்கிறேன். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே பழக்கத்தைச் சுற்றித்தான் வரும்: ஒவ்வொரு சுற்றையும் மூன்று முறை செய்யுங்கள். முதலில் மனத்தில் ஒரு ஊகம், பிறகு தாளில் கணக்கு, பிறகு மேசையில் அளவீடு. மூன்றும் ஒத்துப்போனால்தான் அந்தச் சுற்று உங்களுடையது.

நான் மனத்தில் வைத்திருக்கும் பாடம், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் மின் மற்றும் மின்னணுவியல் பொறியியல் மாணவர்களுக்கு இரண்டாம் செமஸ்டரில் வரும் மின்சுற்றுப் பகுப்பாய்வு. அதில் ஐந்து அலகுகள்: அடிப்படைச் சுற்றுகள், தேற்றங்கள், நிலைமாற்ற நடத்தை, மும்முனை மின்சுற்றுகள், ஒத்திசைவும் பிணைந்த சுற்றுகளும். தன்னாட்சிக் கல்லூரிகளில் அலகுகளின் வரிசை மாறலாம். ஆனால் உலகில் எந்தப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தாலும் தொடக்கப் பாடத்தின் எலும்புக்கூடு ஏறத்தாழ இதுதான்.

வகுப்பு தொடங்கும் முன்: இரண்டு வாரத் தயாரிப்பு

பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தை விற்றுவிடாதீர்கள். அதில் உள்ள மின்னோட்டவியல் பாடமும் மாறுதிசை மின்னோட்டப் பாடமும் இந்தப் படிப்பின் பாதி வாசலைத் திறந்துவிடும். ஓம் விதி, கிர்க்காஃப் விதிகள், வீட்ஸ்டோன் சமனச்சுற்று எல்லாம் அங்கேயே இருக்கின்றன. கணிதத்தில் மூன்று இடங்களைத் துடைத்து வையுங்கள்: அணிக்கோவை கொண்டு ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்த்தல், கலப்பெண்கள், முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு. முதல் இரு அலகுகளுக்கு முதலாவது, மாறுதிசை மின்னோட்டத்துக்கு இரண்டாவது, மின்தேக்கி வரும்போது மூன்றாவது. புதிய கணிதம் என்று பெரிதாக எதுவும் இல்லை.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒரு தனி வேலை உண்டு. நானும் அப்படி வந்தவன்தான். ஆசிரியர் கரும்பலகையில் ‘நோட்’ என்று சொன்னபோது அது எனக்குத் தெரிந்த கணு என்று புரிய ஒரு வாரம் ஆயிற்று. ஒரு சிறிய நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள்: ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், உங்கள் சொந்த வாக்கியத்தில் ஒரு விளக்கம். நோட் என்றால் கணு, அதாவது சுற்றின் உறுப்புகள் ஒன்றோடொன்று இணையும் புள்ளி. மெஷ் என்றால் உள்ளே வேறு வளையம் இல்லாத மூடிய சுற்றுப்பாதை. ரியாக்டன்ஸ் என்றால் மின்மறுப்பு. இம்பீடன்ஸ் என்றால் மின் எதிர்ப்பு. ஏறக்குறைய அறுபது சொற்கள் வரும். அவை கைக்கு வந்துவிட்டால் மொழித் தடை என்பது இந்தப் பாடத்தில் இல்லை. சுற்றுப்படத்துக்கு எந்த மொழியும் இல்லை.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், பற்றவைக்காமல் உறுப்புகளைச் செருகிச் சுற்றுக் கட்டும் துளைப்பலகையான ஒரு பிரெட்போர்டு, 1 கிலோ ஓம் மின்தடைகள் பத்து, 100 கிலோ ஓம் ஒன்று, 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று, டார்ச் விளக்குக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரிகள் பன்னிரண்டு, அவற்றை வைக்கும் பிளாஸ்டிக் கூடுகள், 9 வோல்ட் பேட்டரி ஒன்று. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. மற்ற ஊர்களில் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடைக்காரரிடம் கேட்டாலே எங்கே கிடைக்கும் என்று சொல்லிவிடுவார். நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒரு செட் வாங்கினாலும் போதும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. வீட்டுச் சுவரில் இருக்கும் 230 வோல்ட் பிளக்கில் எந்தச் சோதனையும் வேண்டாம். இந்த வழிகாட்டியில் வீட்டில் செய்யச் சொல்லும் எல்லாமே பேட்டரியில் செய்பவை.

முதல் வாரம்: எண்ணுக்கு முன்னால் அம்புக்குறி

மின்னோட்டம் ஒரு கம்பி வழியே ஓடுகிறது. மின்னழுத்த வேறுபாடு இரண்டு புள்ளிகளுக்கு இடையே இருக்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களில்தான் பாடத்தின் பாதி அடங்கியிருக்கிறது. ‘இந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட்’ என்று யாராவது கேட்டால், ‘எதைப் பொறுத்து’ என்று திருப்பிக் கேளுங்கள். அதனால்தான் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணுவைத் தரை என்று எடுத்துக்கொண்டு, அதை 0 வோல்ட் என்று வைக்கிறோம். மலையின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பது போல.

அடுத்து திசை. கணக்கைத் தொடும் முன் ஒவ்வொரு மின்தடைக்கும் ஒரு மின்னோட்ட அம்புக்குறி போடுங்கள். அம்பு நுழையும் முனையில் ‘+’, வெளியேறும் முனையில் ‘−’. உண்மையான திசை எது என்று முன்கூட்டியே தெரிய வேண்டியதில்லை. நீங்கள் போட்ட அம்பு தவறு என்றால் விடை எதிர்க்குறியோடு வந்து அதைச் சொல்லிவிடும். பல மாணவர்கள் எதிர்க்குறி வந்ததும் பயந்து அம்பைத் திருப்பிப் போட்டு, நடுவழியில் சமன்பாட்டையும் மாற்றிவிடுகிறார்கள். என் 31 வோல்ட் பிறந்தது அப்படித்தான். அம்பை ஒருமுறை போட்டால் கடைசிவரை அதைத் தொடாதீர்கள்.

ஒரே சுற்று, நான்கு வழி

இந்தப் படி கொஞ்சம் நீளும். இதைத் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சுற்று இது. ‘அ’ என்று ஒரு கணு. அதற்கு 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 2 கிலோ ஓம் மின்தடை வழியாக ஒரு கம்பி வருகிறது. 6 வோல்ட் மின்கலத்திலிருந்து இன்னொரு 2 கிலோ ஓம் வழியாக இன்னொரு கம்பி வருகிறது. ‘அ’விலிருந்து தரைக்கு 4 கிலோ ஓம். இரண்டு மின்கலங்களின் எதிர்முனைகளும் தரையில். ‘அ’வில் எத்தனை வோல்ட்?

முதலில் ஊகம். 6 வோல்ட் கிளையைக் கழற்றிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 2 கிலோ ஓமும் 4 கிலோ ஓமும் 12 வோல்ட்டைப் பங்கிடும். ‘அ’வில் 8 வோல்ட். இப்போது 6 வோல்ட் கிளையைத் திரும்ப மாட்டினால், அது 8ஐத் தன் பக்கம் கீழே இழுக்கும். ஆகவே விடை 6க்கும் 8க்கும் இடையில்தான் இருக்க வேண்டும். இதைத் தாளின் மூலையில் எழுதி வையுங்கள். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் இந்த அரை நிமிடம்தான் 31 வோல்ட்டை எழுதவிடாமல் தடுக்கும் காவலாள்.

இனி கணக்கு, கணு முறையில். கணுவுக்குள் வரும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை வெளியேறுவதற்குச் சமம். ‘அ’வின் மின்னழுத்தத்தை ‘வ’ என்று வைத்தால், (12 − வ) ÷ 2 + (6 − வ) ÷ 2 = வ ÷ 4. மின்தடை கிலோ ஓமில் இருப்பதால் மின்னோட்டம் மில்லி ஆம்பியரில் வரும். தீர்த்தால் 9 − வ = வ ÷ 4; வ = 7.2 வோல்ட். ஊகத்தின் எல்லைக்குள் இருக்கிறது.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 12 வோல்ட் கிளையில் உள்ளே வரும் மின்னோட்டம் 2.4 மில்லி ஆம்பியர். தரைக்குப் போவது 1.8. 6 வோல்ட் கிளையில் (6 − 7.2) ÷ 2, அதாவது −0.6. அந்த எதிர்க்குறி என்ன சொல்கிறது? மின்னோட்டம் 6 வோல்ட் மின்கலத்திலிருந்து வரவில்லை, அதற்குள் போகிறது. பெரிய மின்கலம் சிறிய மின்கலத்தை மின்னேற்றம் செய்கிறது. ஒரு சின்னக் கோடு இத்தனை பெரிய செய்தியைச் சுமக்கிறது என்பது எனக்குப் புரிந்த நாளில்தான் இந்தப் பாடம் எனக்குப் பிடிக்கத் தொடங்கியது.

திறனைக் கூட்டிச் சரிபாருங்கள். 12 வோல்ட் மின்கலம் தருவது 28.8 மில்லி வாட். மூன்று மின்தடைகளும் வெப்பமாக்குவது 11.52, 0.72, 12.96, மொத்தம் 25.2. சிறிய மின்கலம் உள்வாங்குவது 3.6. கூட்டினால் 28.8. கொடுத்தது பெற்றதற்குச் சமம் என்று வந்துவிட்டால் விடையைச் சோதிக்க ஆசிரியரோ விடைக்குறிப்போ தேவையில்லை.

இதே சுற்றை மெஷ் முறையில் ஒருமுறை செய்யுங்கள். வளைய மின்னோட்டங்களாக 2.4ம் 0.6ம் வரும். நான் கணு முறையையே முதலில் பழகச் சொல்கிறேன். காரணம் உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களின் தொடக்கத்தில் உருவான ஸ்பைஸ் என்ற கணினி நிரலும், அதன் வழிவந்த இன்றைய இலவச எல்.டி.ஸ்பைஸும் உள்ளே கணுச் சமன்பாடுகளைத்தான் அமைத்துத் தீர்க்கின்றன. கிளைகள் ஒன்றையொன்று தாண்டிச் செல்லும் சுற்றில் மெஷ் முறை வேலை செய்யாது. கணு முறை எங்கும் செல்லும்.

மூன்றாவது வழி மேற்பொருத்தல் தேற்றம். 6 வோல்ட் மின்கலத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் கம்பி வைத்தால் ‘அ’வில் 4.8 வோல்ட். 12ஐ அப்படி எடுத்தால் 2.4. கூட்டினால் 7.2. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது: திறனை இப்படிக் கூட்டக் கூடாது. 4.8 வோல்ட்டுக்கு 4 கிலோ ஓமில் 5.76 மில்லி வாட், 2.4க்கு 1.44, இரண்டும் சேர்ந்து 7.2தான் ஆகிறது. உண்மையான திறன் 12.96. இருபடி எடுக்கும்போது கூட்டல் உடைந்துபோகிறது. வைவாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது.

நான்காவது வழி தெவெனின் தேற்றம். 4 கிலோ ஓமைக் கழற்றிவிட்டு, அது இருந்த இரு முனைகளிலிருந்து சுற்றைத் திரும்பிப் பாருங்கள். திறந்த முனைகளில் 9 வோல்ட். மின்கலங்களுக்குப் பதில் கம்பி வைத்துப் பார்த்தால் 2 கிலோ ஓமும் 2 கிலோ ஓமும் பக்க இணைப்பில், அதாவது 1 கிலோ ஓம். இரண்டு மின்கலங்களும் இரண்டு மின்தடைகளும் மறைந்து, 9 வோல்ட்டும் 1 கிலோ ஓமும் மட்டும் நிற்கின்றன. 4 கிலோ ஓமைத் திரும்ப மாட்டினால் 9 × 4 ÷ 5 = 7.2. இதன் அருமை அடுத்த கேள்வியில்தான் தெரியும். அந்த இடத்தில் 8 கிலோ ஓம் மாட்டினால்? 8 வோல்ட், ஒரே வரியில். 1 கிலோ ஓம் மாட்டினால்? 4.5 வோல்ட், பெருமத் திறன் கிடைப்பதும் அப்போதுதான், 20.25 மில்லி வாட். தெவெனின் பிரான்சின் தந்தித் துறையில் பொறியாளராக இருந்தவர். இதை 1883இல் வெளியிட்டார். நீண்ட தந்திக் கம்பியின் ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனை முழுவதும் தெரிய வேண்டியதில்லை. அது தன்னிடம் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரிந்தால் போதும்.

சார்பு மூலங்கள், அதாவது சுற்றின் வேறோர் இடத்து மின்னழுத்தத்தையோ மின்னோட்டத்தையோ பொறுத்து மதிப்பு மாறும் மூலங்கள், வரும் கணக்கில் மட்டும் கவனம் வேண்டும். தெவெனின் மின்தடை காணும்போது தனி மூலங்களைத்தான் நீக்க வேண்டும். சார்பு மூலத்தை நீக்கவே கூடாது. அப்போது முனைகளில் 1 வோல்ட் சோதனை மூலம் ஒன்றை மாட்டி, எவ்வளவு மின்னோட்டம் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. இந்த விதிகளை 1845இல் கிர்க்காஃப் எழுதியபோது அவருக்கு வயது 21. கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் அப்போது அவர் மாணவர். உங்களை விட இரண்டு மூன்று வயது மூத்த ஒருவர் எழுதியதைத்தான் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மேசையில் அதே சுற்று

இப்போது அதைக் கட்டுங்கள். நான்கு பேட்டரிகள் தொடரில் 6 வோல்ட், எட்டு பேட்டரிகள் 12 வோல்ட். 1 கிலோ ஓம் மின்தடையில் பழுப்பு, கறுப்பு, சிவப்பு பட்டைகள் இருக்கும். அவற்றில் இரண்டு சேர்த்தால் 2 கிலோ ஓம், நான்கு சேர்த்தால் 4. மொத்தம் எட்டு மின்தடைகள். அளந்து முடித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். சாதாரணப் பேட்டரிக்குள் மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கக் கூடாது.

அளக்கும்போது அநேகமாக 7.2 வராது. 7.6, 7.7 என்று காட்டும். மனம் தளர வேண்டாம். புதிய பேட்டரி ஒன்று 1.6 வோல்ட் வரை தரும். அப்படியானால் உங்கள் 12 வோல்ட் உண்மையில் 12.8, 6 வோல்ட் 6.4, கணக்கை மறுபடி போட்டால் 7.68 வரும். மூலத்தை முதலில் அளப்பதும், அளந்த எண்ணை வைத்துக் கணக்கைத் திரும்பப் போடுவதும் ஆய்வகத்தின் முதல் ஒழுக்கம். ரெக்கார்டு நோட்டில் புத்தக விடையை எழுதிவிட்டு அளவீடும் அதுவே என்று எழுதும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது உங்களிடமிருந்தே எதையோ திருடுவது. வேறுபட்ட எண்ணை எழுதி, ஏன் வேறுபட்டது என்று ஒரு வரி சேருங்கள். நான் மதிப்பெண் போடும்போது முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான்.

ஆய்வகத்தில் மாணவர்கள் மீண்டும் மீண்டும் இடறும் இடங்கள் சில. அம்மீட்டரைத் தொடரில்தான் இணைக்க வேண்டும். அதன் மின்தடை மிகக் குறைவு, மூலத்துக்குக் குறுக்கே வைத்தால் அது வெறும் கம்பி. என் முதல் ஆய்வக வகுப்பிலேயே மல்டிமீட்டரின் சிவப்பு வயரை மின்னோட்டத் துளையிலேயே விட்டுவிட்டு மின்னழுத்தம் அளக்கப் போய் உள்ளே இருந்த ஃபியூஸைப் போக்கினேன். அன்றிலிருந்து அளவீடு முடிந்த உடனே வயரை மின்னழுத்தத் துளைக்கு மாற்றிவிட்டுத்தான் மீட்டரைக் கீழே வைக்கிறேன். மின்தடையை அளக்கும்போது சுற்றில் மின்சாரம் இருக்கக் கூடாது. மின்தடையின் ஒரு காலாவது வெளியே இருக்க வேண்டும். நீளமான சில பிரெட்போர்டுகளில் ஓரத்து மின்வரிசை நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். பாதிச் சுற்று வேலை செய்யவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். கால் வாட் மின்தடையை 12 வோல்ட்டுக்குக் குறுக்கே மாட்டும் முன் திறனைக் கணக்கிடுங்கள்: 100 ஓம் என்றால் 1.44 வாட், கருகிவிடும்.

அளக்கும் கருவியும் சுற்றின் ஒரு பகுதியாகிவிடுகிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்ப்பது நல்லது. இரண்டு 1 மெகா ஓம் மின்தடைகளைத் தொடராக 12 வோல்ட்டில் மாட்டினால் நடுவில் 6 வோல்ட் இருக்க வேண்டும். பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்களின் உள்மின்தடை 10 மெகா ஓம். அது பக்க இணைப்பில் சேர்ந்துகொள்வதால் மீட்டர் 5.71 என்று காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை. அது மாற்றிவிட்ட சுற்றின் உண்மையைச் சொல்கிறது.

மின்தேக்கி வரும்போது

நிலைமாற்ற நடத்தை அலகை வெறும் கணிதமாகப் படிப்பவர்கள்தான் அதிகம். அதற்கு முன் பத்து நிமிடம் இதைச் செய்யுங்கள். 9 வோல்ட் பேட்டரி, 100 கிலோ ஓம், 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, மூன்றும் தொடரில். மின்தேக்கியின் எதிர்முனையைச் சரியாகப் பார்த்து மாட்டுங்கள். இரண்டு எண்களையும் பெருக்கினால் நேர மாறிலி 10 விநாடி. கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் ஓடட்டும். 10 விநாடியில் 63 விழுக்காடு, அதாவது 5.7 வோல்ட், 50 விநாடியில் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. ஐந்து விநாடிக்கு ஒருமுறை எண்ணைக் குறித்து வரைபடம் வரைந்தால், புத்தகத்தில் இருக்கும் அந்த வளைவு உங்கள் கையெழுத்தில் வரும். இத்தகைய மின்தேக்கிகளின் மதிப்பு 20 விழுக்காடு வரை முன்பின் இருக்கலாம் என்பதால் நேரம் சற்று மாறும்.

இதற்குப் பிறகு வகைக்கெழுச் சமன்பாடு உங்களை மிரட்டாது. மூன்று கேள்விகள் போதும்: சுவிட்ச் போட்ட கணத்தில் எவ்வளவு, நெடுநேரம் கழித்து எவ்வளவு, இடையில் நேர மாறிலி எவ்வளவு? மின்தேக்கியின் மின்னழுத்தம் ஒரே கணத்தில் தாவாது. மின்தூண்டியின் மின்னோட்டம் ஒரே கணத்தில் தாவாது. முதல் வரிசைச் சுற்றுகளில் இந்த மூன்று விடைகளை வைத்தே முழுத் தீர்வையும் எழுதிவிடலாம். வகைக்கெழுச் சமன்பாட்டைச் சாதாரண இயற்கணிதமாக மாற்றித் தீர்க்கும் லாப்லாஸ் உருமாற்றம் பிறகு வரட்டும்.

மாறுதிசை மின்னோட்டம்: 138ம் 184ம் சேர்ந்து 230 ஆகும் இடம்

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த 230 பயனுறு மதிப்பு. உச்ச மதிப்பு ஏறக்குறைய 325. ஒரு சுழற்சிக்கு 20 மில்லி விநாடி.

இந்த மின்மூலத்தில் 30 ஓம் மின்தடையும் 40 ஓம் மின்மறுப்பு உள்ள மின்தூண்டியும் தொடரில் இருப்பதாகத் தாளில் போடுங்கள். மின் எதிர்ப்பு 70 அல்ல, 50. மின்னோட்டம் 4.6 ஆம்பியர். மின்தடைக்குக் குறுக்கே 138 வோல்ட், மின்தூண்டிக்குக் குறுக்கே 184. கூட்டினால் 322 வருகிறது, மூலமோ 230. கிர்க்காஃப் விதி உடைந்துவிட்டதா? இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. ஒன்று மற்றதை விடக் கால் சுழற்சி முந்துகிறது. செங்கோண முக்கோணம் வரைந்தால் 138, 184, 230. மூன்று, நான்கு, ஐந்து. இந்த முக்கோணத்தை ஒவ்வொரு கணக்கின் தொடக்கத்திலும் கையால் வரையுங்கள். கால்குலேட்டர் தரும் கோணம் தவறான கால்வட்டத்தில் இருந்தால் படம் காட்டிக்கொடுத்துவிடும்.

சைன் அலைகளைக் கலப்பெண்ணாக எழுதிக் கணக்கிடும் முறையை 1893இல் சிகாகோவில் நடந்த பன்னாட்டு மின்னியல் மாநாட்டில் பொறியாளர்கள் முன் விரிவாக வைத்தவர் ஸ்டைன்மெட்ஸ். மாறுதிசைச் சுற்றுகளை வகைக்கெழுச் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டித் தீர்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கணு முறை, தெவெனின், மேற்பொருத்தல் எல்லாம் அப்படியே இங்கும் செல்லும். மின்தடை இருந்த இடத்தில் கலப்பெண் வரும், அவ்வளவே. முதல் இரண்டு அலகுகளை ஊன்றிப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

திறன் காரணியை மேலே உள்ள கணக்கிலேயே பார்த்துவிடலாம்: 30 ÷ 50 = 0.6. மூலத்திலிருந்து எடுப்பது 1058 வோல்ட்-ஆம்பியர். உண்மையில் வேலையாகவோ வெப்பமாகவோ மாறுவது ஏறக்குறைய 635 வாட். மிச்சம் போய்த் திரும்புகிறது, ஆனால் அதைச் சுமக்கவும் கம்பி தேவைப்படுகிறது.

மும்முனை அலகில் கட்ட மின்னழுத்தத்துக்கும் இணைப்பு வழி மின்னழுத்தத்துக்கும் உள்ள மூன்றின் வர்க்கமூல உறவை ஒருமுறை வரைந்து நிறுவிப் பாருங்கள். 230 எப்படி 400 ஆகிறது என்பது தெரிந்துவிடும். சமச்சீர் சுமை என்றால் ஒரே கட்டத்தைத் தீர்த்தால் போதும். ஒத்திசைவில் வரைபடம் முக்கியம். பிணைந்த சுருள்களில் புள்ளிக் குறி முக்கியம். புள்ளியுள்ள முனை வழியாக இரண்டு மின்னோட்டங்களும் நுழைந்தால் பரிமாற்றுத் தூண்டலுக்குக் கூட்டல் குறி. இந்த இரண்டும் பயிற்சியில் வந்துவிடும்.

வாரம் எப்படி இருக்க வேண்டும்

2012இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் முதல் இணையவழிப் பாடமாக இதே மின்சுற்றுப் பாடத்தைத்தான் உலகுக்குத் திறந்துவிட்டது. பதிவு செய்தவர்கள் ஏறத்தாழ 1,55,000 பேர். தேர்ச்சிச் சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர். பாடத்தில் குறை இல்லை, கட்டணமும் இல்லை. ஆனால் வாரா வாரம் உட்கார்ந்து கணக்குப் போடுவது வேறு வேலை. நம் ஊரில் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல்.இல் இந்தப் பாடத்துக்கு முழுமையான விரிவுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. காணொளியை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் புரிந்தது போலவே இருக்கும். ஆசிரியர் சுற்றை வரைந்து முடித்ததும் நிறுத்துங்கள். நீங்கள் போட்டு முடித்த பிறகு ஓடவிடுங்கள்.

வாரத்துக்கு எட்டுக் கணக்குகள் போதும் என்பேன். எண்பது அல்ல. எட்டில் ஒவ்வொன்றுக்கும் முதலில் ஊகம், பிறகு கணக்கு, பிறகு எல்.டி.ஸ்பைஸிலோ பிரெட்போர்டிலோ சரிபார்ப்பு. தவறாகப் போன கணக்கைக் கிழித்துப் போடாமல், எந்த வரியில் தவறினேன் என்று சிவப்பு மையில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் தவறுகள் மூன்றே வகைதான் என்று தெரிந்துவிடும். எனக்கு அவை குறி, அலகு, டிகிரி-ரேடியன். வெள்ளிக்கிழமை மாலை நண்பர் ஒருவருக்கு ஒரு கணக்கை வாய்விட்டு விளக்குங்கள். விளக்கும்போது வாய் எங்கே தயங்குகிறதோ அங்கேதான் உங்களுக்கே புரியவில்லை.

தேர்வு அறையில்

2021 ஒழுங்குமுறையின் வினாத்தாள் மூன்று மணி நேரம், 100 மதிப்பெண்: இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து, 13 மதிப்பெண் வினாக்கள் ஐந்து, 15 மதிப்பெண் வினா ஒன்று. 13 மதிப்பெண் வினாக்கள் ஒவ்வொன்றிலும் ‘அல்லது’ இருக்கும். கைக்கு முதலில் வரும் கணக்கில் பாயாமல், இரண்டின் சுற்றையும் மனத்தில் வரைந்து, எத்தனை தெரியாத மாறிகள் வரும் என்று எண்ணுங்கள். மூன்று மெஷ் உள்ள சுற்றில் தரையைத் தவிர ஒரே கணு இருந்தால், கணு முறையில் ஒரே சமன்பாடு. வினா முறையைக் குறிப்பிட்டிருந்தால் மட்டும் அந்த முறையில் செய்யுங்கள். படத்தைத் திரும்ப வரைந்து, அம்புகள் போட்டு, கணுக்களுக்குப் பெயர் வைத்து, சமன்பாட்டை எழுதி, பிறகு தீர்வு. விடை தவறினாலும் இந்த வரிகளுக்கு மதிப்பெண் உண்டு. கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று உட்கார்ந்த உடனே பாருங்கள்.

கடைசிக் கால் மணி நேரத்தைப் புதிய வினாவுக்குச் செலவிடாதீர்கள். ஒவ்வொரு விடைக்கும் அருகில் பென்சிலில் எழுதிய ஊகத்தைப் பாருங்கள். பொருந்தாத விடை இருந்தால், நேரம் இருக்கும்வரை குறிகளை மட்டும் சரிபாருங்கள்.

அரியர் விழுந்துவிட்டால்

விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுந்தவர்களையும் அதே அளவு. ஐந்து அலகுகளையும் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டாம். பழைய விடைத்தாளின் நகல் கிடைத்தால் வாங்குங்கள். அதற்கு முறையான வழி இருக்கிறது. முதல் மூன்று வாரம் கணு முறையும் தெவெனினும் மட்டும், நேர்த்திசையில் இருபது கணக்குகள். அடுத்த இரண்டு வாரம் அதே இருபது சுற்றுகளை மின்தடைக்குப் பதில் மின்தூண்டியும் மின்தேக்கியும் வைத்து மாறுதிசையில். ஆறாம் வாரம் மும்முனைச் சமச்சீர் சுமையும் ஒத்திசைவும். நிலைமாற்ற நடத்தையில் முதல் வரிசைச் சுற்றுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் அன்று, மேலே சொன்ன 12 வோல்ட், 6 வோல்ட் சுற்றை இந்தப் பக்கத்தைப் பார்க்காமல் வெற்றுத் தாளில் வரைந்து, நான்கு வழிகளிலும் 7.2 வருகிறதா என்று பாருங்கள். எந்த வழியில் வரவில்லையோ, அன்று இரவு அதிலிருந்து தொடங்குங்கள்.